பாலத்தில் நின்ற சைரன்

மாலை மூன்று மணி பத்து நிமிடம். ஏழு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் கொள்முதல் நிலையத்தில் இருந்த என் கணவருக்குப் போன் செய்து, "மேகம் கட்டிக்கிட்டு வருது, நெல்லைக் குவிச்சு மூடிட்டோம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி வைத்தேன். போனைக் கையில் வைத்தபடியே திரும்பினேன். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் படுதா போர்த்திய நெல்லின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நான்கு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. நெல்லிலிருந்து பறக்கும் சுணைத் தூசி அவளுக்கு ஆகவே ஆகாது. அறுவடை மாதத்தில் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, அவளை உள்ளறையிலேயே வைத்திருப்பேன். ஆனால் அன்று திடீரென்று வானம் கறுத்தது. மூன்று நாள் காய்ந்து, கொள்முதல் நிலையத்தில் கேட்கும் ஈரப்பதத்துக்கு வந்துவிட்ட நெல் அது. நானும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் ஓடி ஓடிக் குவித்துக்கொண்டிருந்தோம். அவள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே வந்து படுதாவின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் பார்த்தேன். உள்ளே போ என்று சொல்லவில்லை. பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். கடைசியில் மழை ஒரு சொட்டுகூட விழவில்லை.

மேலே சொல்லுமுன் எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்குள் வர ஒரே சாலைதான். வாய்க்கால் பாலத்தில், இரண்டு கட்சிக் கொடிமரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடத்தில் தொடங்கி, எங்கள் வீடு வரை அறுநூறு மீட்டர் இருக்கும். ஒரு பக்கம் எங்கள் தெரு, மறுபக்கம் அவர்கள் தெரு. என் மாமனார் அந்தத் தெருக்காரர்களின் பண்ணையில் வேலை செய்தவர். உபரி நிலம் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், கிடைத்தது. அதைத்தான் என் கணவர் இன்றும் சாகுபடி செய்கிறார். நான் ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை.

ஊருக்குப் பொதுவாக, நெல் அடிக்கவும் காயவைக்கவும் ஒரு களம் இருந்தது. புறம்போக்கு நிலம் என்று நாங்கள் சொன்னோம். தங்கள் முன்னோர் விட்டுக்கொடுத்த இடம், பழைய பதிவேட்டில் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அந்தத் தெருவில் ஒருவர் மனுப் போட்டார். நாங்கள் எதிர்மனுப் போட்டோம். வழக்கு முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று தாசில்தார் உத்தரவு வந்து, களத்தைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். வயதான காலத்திலும் அந்தக் களத்தில் அடுத்தவர் நெல்லை அடித்துக் கொடுத்தவர் என் மாமனார். அங்கே எங்கள் நெல்லைக் கொட்டக் கூடாது என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

களம் இல்லை என்றானதும் ஊர் முழுக்கச் சாலையில் நெல் காய ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஊர்களிலும் இது வழக்கம்தான். தார் ரோட்டில் சூடு நன்றாக ஏறும். ஒரு பாதியில் கொட்டி, மறுபாதியை வண்டிக்கு விடுவார்கள். நெல்லின் மேல் டயர் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் அந்த வருடம் மறுபாதி இல்லாமல் போனது. அவர்கள் திங்கட்கிழமை கொட்டினால் நாங்களும் திங்கட்கிழமையே எதிரில் கொட்டினோம். நடுவில் பைக் போகிற அளவு இடைவெளிதான்.

"ரோடு என்ன உங்க மாமனார் பேருல பட்டாவா டீச்சர்?" என்று அந்தத் தெரு அம்மா ஒருவர் கேட்டார்.

"உங்க சிட்டாவுல இருந்தா எடுத்துட்டு வந்து காட்டுங்க, அள்ளிடறோம்" என்றேன். எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய வாரம் வைக்கோல் லாரி ஒன்று எங்கள் நெல்லில் ஏறி இறங்கிவிட்டது. அதனால் கொல்லையில் கிடந்த கருங்கற்களை நானே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன். வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்கு வாங்கி மிஞ்சியவை. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கற்கள். பதினொரு கற்கள்.

இனி அன்றைய தினத்துக்கு வருகிறேன்.

மகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் உறிஞ்சும் மருந்தை நான்கு முறை கொடுத்தேன். வழக்கமாக இரண்டு முறையிலேயே கொஞ்சம் தெளிவு வரும். அன்று வரவில்லை. "அம்மா" என்று சொல்ல வந்து, "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கழுத்துக் குழி உள்ளே உள்ளே போய்வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் முறத்தால் விசிறினார். ஒருவர் தைலம் கொண்டுவந்து நெஞ்சில் தடவ வந்தார். எல்லோரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: "படுக்க வை, பாவம், படுக்க வை."

மூன்று பதினேழுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் மாவட்டம், தாலுகா, ஊர், அடையாளம் என்று வரிசையாகக் கேட்டது. சொன்னேன். பிறகு அந்தக் குரல், "பேஷன்ட்டைப் படுக்க வைக்காதீங்க. உட்கார்ந்தே இருக்கட்டும். சுத்தி நிக்கிறவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வண்டி கிளம்பிடுச்சு" என்றது. முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற எனக்கு, நான்கு பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்ல அன்று குரல் வரவில்லை. கையைத்தான் காட்டினேன்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை கூடும்போது பயமாக இருந்தது. குறையும்போது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு சைரன் கேட்டது. தூரத்தில் வளைவுக்கு அப்பால் மெல்லியதாகத் தொடங்கி, பெரிதாகி, இன்னும் பெரிதாகி வந்தது. "வந்துட்டாங்கடி, வந்துட்டாங்க" என்று அவள் முதுகைத் தடவினேன். சத்தம் பாலத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. அதற்கு மேல் பெரிதாகவில்லை. ஹாரன் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாலத்திலிருந்து எங்கள் வீடு வரை சாலையின் இரண்டு பக்கமும், மழைக்குப் பயந்து குவித்து மூடிய நெல், வரப்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. பரப்பிக் கிடந்தாலாவது வண்டி மேலே ஏறி வந்திருக்கும்.

சத்தம் நின்று ஏழெட்டு நிமிடம் கழித்து ஒரு பைக் குவியல்களுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டே வந்தது. பின்னால் நீலச் சீருடை போட்ட ஒரு பெண். வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஒரு கையில் பை, இன்னொரு கையால் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பைக்கை ஓட்டி வந்தவர் அந்த மனுப் போட்டவர். இரண்டு வருடமாக எங்களோடு பேச்சு இல்லாதவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே மனுக்காரர்தான். பாலத்து டீக்கடையில் இருந்தவர், ஆம்புலன்ஸ் திணறுவதைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டு, அந்தப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் எங்கள் வாசல் படி ஏறவில்லை. பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மகள் முன்னால் மண்டியிட்டார்.

"பாப்பா, பேசாத. என் மூஞ்சியப் பாரு. விரலைக் குடு" என்று விரலில் ஏதோ ஒன்றை மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முகமூடி மாதிரி ஒன்றில் மருந்தை ஊற்றி, சிலிண்டரைத் திறந்து, அவள் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினார். புகை மாதிரி வந்தது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இந்தச் சிலிண்டர் இருபது நிமிஷம் வரும். அதுக்குள்ள வண்டி இங்க வந்தாகணும்."

"கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்மா" என்றார் ஒருவர்.

"வேணாங்க. இவளைப் படுக்க வைக்கக் கூடாது. இப்ப நாலு பேரு தூக்கிட்டு ஓடினா பயந்துக்குவா, இன்னும் இழுக்கும். வண்டியக் கொண்டாங்க. நான் இங்க இருக்கேன். நீங்க போங்க அக்கா."

மகளின் கை என் புடவையைப் பிடித்திருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு நான் சாலைக்கு ஓடினேன். அந்த விரல்களை விடுவித்ததுதான் அன்று நான் செய்த மிகக் கடினமான வேலை.

எனக்கு முன்பே மனுக்காரர் பாலத்துப் பக்கம் போய்விட்டிருந்தார். அங்கே அவருடைய நெல்தான் முதலில் கிடந்தது. படுதாவை இழுத்து எறிந்துவிட்டு, நெல் தள்ளும் பலகையால் அதை வாய்க்கால் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. அவர் மகன் ஓடிவந்து, "அப்பா, தண்ணியில விழுவுது" என்றான்.

"விழுவட்டும். நீ அந்தப் பக்கத்தைப் புடி."

அதன் பிறகு யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு தெருவும் இறங்கியது. கூடையிலும் முறத்திலும் கையிலுமாக அள்ளினார்கள். யாருடைய நெல் யாருடைய நெல்லோடு கலக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் அடி அடியாக நகர்ந்து வந்தது. எங்கள் வீட்டுக்கு நூறடி முன்னால் மறுபடி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். எங்கள் ஒன்பது மாவின் நெல்லைச் சுற்றி என்னுடைய பதினொரு கருங்கற்கள்.

"யாரு வச்ச கல்லுங்க இது?" என்றார்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. பஞ்சாயத்துக்காரர்கள் வந்தாலும் போலீஸ் வந்தாலும் கல்லுக்குச் சொந்தக்காரர் கிடையாது. என் பக்கத்தில் நின்றவர்களுக்கு அவை யாருடையவை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தெரு அம்மாகூட, பட்டாவா என்று கேட்டவர், வாயைத் திறக்கவில்லை.

"என்னோடதுங்க" என்றேன்.

ஓட்டுநர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் புடிங்க" என்று குனிந்தார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக முதல் கல்லைத் தூக்கினோம். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். என் வலது கைச் சுண்டுவிரல் ஒரு கல்லுக்கு அடியில் நசுங்கியது. அன்று இரவு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தேன்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு வண்டி எங்கள் வாசலில் நின்றது. மகளை உட்கார்ந்த நிலையிலேயே ஏற்றினார்கள். அந்தப் பெண் சின்னச் சிலிண்டரின் குழாயைக் கழற்றி வண்டிக்குள் இருந்த பெரிய சிலிண்டரில் மாட்டும்போது, சின்னதன் முள் சிவப்புக் கோட்டுக்குள் கிடந்ததை நான் பார்த்தேன். திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் மகள் என் பக்கம் திரும்பி, முகமூடிக்குள்ளிருந்து, "அம்மா, காலைப் பாரு" என்றாள். பார்த்தேன். செருப்பு இல்லை. இரண்டு காலிலும் நெல் ஒட்டியிருந்தது. அவள் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லியிருக்கிறாள் என்பது அடுத்த கணம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண், "இப்பப் பேசலாம் பாப்பா, கொஞ்சமா" என்றார்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். நன்றாகிவிட்டாள். நல்ல மதிப்பெண் வாங்கினாள். இப்போது தஞ்சாவூரில் வேலைக்குப் போகிறாள். அதோடு இதை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அது இரண்டு மாதம் கழித்துத்தான் முடிந்தது, அல்லது தொடங்கியது.

சித்திரை மாதம். பள்ளி விடுமுறை. ஒரு நாள் காலை, தோளில் பை மாட்டிய ஒரு இளைஞர், கையில் போனைப் பார்த்தபடியே எங்கள் வாசலுக்கு நடந்து வந்தார். மேல்படிப்புப் படிக்கும் டாக்டர் என்றார். டெல்டா கிராமங்களில் ஆம்புலன்ஸ் கூப்பிட்ட இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது, அது நோயாளியை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பைக்கை வேண்டுமென்றே பாலத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

"பாலத்துலேருந்து இங்க வர ஆறு நிமிஷம் ஆவுது டீச்சர். வெறுங்கையோட" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்தார்.

அதில் எங்கள் அன்றைய நேரங்கள் அச்சாகியிருந்தன. நான் போன் செய்தது மூன்று பதினேழு. வண்டி கிளம்பியது. வண்டி வந்து சேர்ந்தது மூன்று முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டுக்கு வரலைங்களே" என்றேன்.

"வண்டி உங்க ஊர்ல நின்ன நேரம் அது. பதிவுல அதுதான் வந்து சேர்ந்த நேரம். அதுக்கப்புறம் நோயாளிகிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் என்ன ஆச்சுன்னு எங்கயும் பதிவு கிடையாது. நான் அதைத்தான் தேடுறேன். உங்க பொண்ணுக்கிட்ட அந்த டெக்னீஷியன் எப்ப வந்தாங்க?"

"நாற்பத்தாறு."

"எட்டு நிமிஷம்" என்று எழுதினார். "ஏன் தாமதம்?" என்று கேட்டு, படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாகக் காரணங்கள் இருந்தன. முகவரி தெரியவில்லை, ரயில்வே கேட், சாலை பழுது, கூட்டம், ஆடு மாடு. கடைசியில் "மற்றவை".

"மற்றவை" என்றேன்.

"என்னன்னு சொல்லணும் டீச்சர்."

எல்லாவற்றையும் சொன்னேன். களம், மனு, எதிர்மனு, நெல். அவர் வேகமாக எழுதிக்கொண்டே வந்தார். கல் என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. படிவத்தில் ஏற்கெனவே "நெல்" என்று எழுதியாகிவிட்டது. ஆனால் எட்டு நிமிடம் என்று ஒருவர் நடந்து பார்த்து, கணக்குப் போட்டு எழுதுகிறபோது, விடைத்தாளில் ஒரு வரியை மறைத்தமாதிரி இருந்தது எனக்கு.

"கல்லும் இருந்துச்சு. பதினொண்ணு. வச்சது பொண்ணோட அம்மான்னு எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். இரக்கம் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு வச்சாங்கங்கறதுக்கு இதுல கட்டம் இல்லீங்க டீச்சர்" என்றார். பிறகு காகிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், அதையும் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "இப்பவும் ரோட்லதான் காயவைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"வேற எடம் ஏதுங்க. கேஸ் நடக்குது."

"ஒரு பக்கம் விட்டீங்கன்னா போதும் டீச்சர்" என்றார். போனைப் பார்த்துக்கொண்டே மறுபடி பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. களத்தைச் சுற்றி முள்வேலி அப்படியே இருக்கிறது. மனுக்காரரும் நாங்களும் நெருங்கிப் பழகிவிடவில்லை; எதிரில் வந்தால், "பொண்ணு நல்லா இருக்கா?" என்பார், "இருக்காங்க" என்பேன், அவ்வளவுதான். யாரும் கூட்டம் போட்டுப் பேசாமலேயே, அவர்கள் கொட்டும் நாளில் நாங்கள் கொட்டுவதில்லை, நாங்கள் கொட்டும் நாளில் அவர்கள் கொட்டுவதில்லை. கருங்கற்கள் கொல்லையில் புல் முளைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் இன்றுவரை எங்காவது ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது நெருங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும்வரை நான் அசையாமல் நிற்கிறேன்; பாதி வழியில் அது நின்றுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.